வெட்டுக்கிளியும் விட்டில் பூச்சியும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள், பெருமாளைச் சேவித்த கையோடு தங்கப் பல்லியைத் தேடிப் போவார்கள். மேல்தளத்தில் பொன்னும் வெள்ளியுமாய் இரண்டு பல்லிகள். தொட்டால் தோஷம் போகும் என்பது நம்பிக்கை. கௌதம முனிவருக்குக் கொண்டுபோன தண்ணீரில் பல்லி கிடந்ததைச் சீடர்கள் கவனிக்கவில்லை, சாபம் வாங்கிப் பல்லியானார்கள் என்பது தலத்துக் கதை. பாடத்தைக் கவனிக்காத பிள்ளைகளை மிரட்ட வாத்தியார்களுக்கு இதைவிடத் தோதான கதை கிடைக்காது. ஆனால் அந்தப் பல்லி எதைத் தின்கிறது, அதை எது தின்கிறது என்று எங்கள் காலத்து வகுப்பில் யாரும் கேட்டதாக நினைவில்லை.

எங்களுக்கு உணவுச் சங்கிலி என்பது கரும்பலகையில் ஐந்து சொற்கள். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. நடுவே நாலு அம்புக்குறி. சார் பிரம்பால் தொட்டுக்காட்ட, வகுப்பு மொத்தமும் ஒரே ராகத்தில் ஒப்பிக்கும். அதற்குமேல் விளக்கம் கிடையாது. ஏன் அம்புக்குறி இந்தப் பக்கம் போகிறது என்று கேட்டிருந்தால் முறைத்திருப்பார். விளக்கம் இல்லாததால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்றுதான் தோன்றியது, ஏனென்றால் அந்த ஐந்தும் ஊரைச் சுற்றியே இருந்தன. ஏரி மாவட்டம் அல்லவா! ஐப்பசி மழை பிடித்தால் ராத்திரி முழுக்கத் தவளைக் கச்சேரி. சாரையோ நல்லதோ வீட்டுக்குள் புகுந்தால் தெருவே கூடிவிடும். கருடன் வட்டமிட்டால் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வைகாசி கருட சேவையில் தோளேறி நின்ற பிள்ளைக்குக் கருடனுக்கும் பாம்புக்கும் உள்ள பகையைப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை வைத்து அந்தக் காலம் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பட்டுத்தறியில், கரையைத் தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். அது பெரும்பாலும் ஒரு சின்னப் பிள்ளையாகவே இருந்தது. வாங்கிய முன்பணத்துக்காகத் தறிக்குழியில் உட்கார்ந்த அந்தப் பிள்ளைக்கு உணவுச் சங்கிலி பாடமே நடக்கவில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் பிள்ளைகள் கொத்தடிமையாக வேலை செய்வதைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல்கூட எழுத வேண்டியிருந்தது. வகுப்பில் உட்கார்ந்து ஒப்பித்தவர்கள் பாக்கியசாலிகள்.

இன்று வகுப்பறை மாறியிருக்கிறது, நல்லபடியாகவே. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளோடு படித்தார்கள். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு உண்டு. போனைக் காட்டினால் பாம்பு தவளையை விழுங்கும் வீடியோ ஓடும். உணவு வலைக்கு நூல்கண்டு விளையாட்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் உயிரின் பெயர் எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு வட்டமாக நிற்கும். எது எதைத் தின்னுமோ அதற்கு நூல் போகும். கடைசியில் ‘தவளை’யை உட்காரச் சொன்னால் யார் யார் கையில் நூல் தொய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் அப்பா தறியை நிறுத்துவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் புரியாதது எதுவுமில்லை.

அம்புக்குறியையும் இப்போது விவாதிக்கிறார்கள். தின்பதிலிருந்து தின்னப்படுவதற்கு அம்பு போடுவதுதான் பிள்ளைகளின் இயல்பான தப்பு.

“டீச்சர், பாம்புதானே தவளையப் பிடிக்குது? அப்ப அம்பு அங்கிருந்துதானே வரணும்?”

“சாப்பாடு எங்கிருந்து எங்க போகுதுன்னு பாருடா. தவளை எங்க போச்சு?”

“பாம்பு வயித்துக்கு.”

“அப்ப அம்பையும் அங்கயே அனுப்பு.”

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போய்ச் சேரும் சக்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்று அமெரிக்கரான ரேமண்ட் லிண்டமன் 1942-இல் எழுதிய கட்டுரையை ஒட்டிச் சொல்வார்கள். பொரியை வைத்தே இதைக் காட்டலாம். புல்லுக்கு ஆயிரம் பொரி, வெட்டுக்கிளிக்கு நூறு, தவளைக்குப் பத்து, பாம்புக்கு ஒன்று. கழுகாக நிற்கும் பிள்ளை கையை நீட்டி, “எனக்கு?” என்று கேட்கும்போது, வானத்தில் கழுகு ஏன் கூட்டங்கூட்டமாகப் பறப்பதில்லை என்று விளங்கிவிடும்.

சிக்கல் வெளியே இருக்கிறது. நூல்கண்டில் தவளையை உட்கார வைக்கிறார்கள். ஊரில் அது எப்போதோ உட்கார்ந்துவிட்டது. 1980களில் நம் நாடு தவளைக்கால்களைக் கப்பலேற்றியது. வயலில் பூச்சி தின்னும் கூட்டம் குறைந்துபோகிறது என்ற கூக்குரலுக்குப் பின் 1987-இல் தடை வந்தது. இப்போது எமன், மனையாகும் வயலும் சாக்கடை ஏந்தும் வேகவதி ஆறும். பாம்பின் கதை கொஞ்சம் ஆறுதல். தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர் பழங்குடியினர், 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் விஷம் எடுத்துவிட்டுப் பாம்பை மறுபடி காட்டில் விடுகிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாடநூலில் பாம்புக்குப் பக்கத்தில் அச்சிட வேண்டிய படம் அவர்களுடையது என்பேன்.

பாறு எனும் பிணந்தின்னிக் கழுகின் கதையில் ஆறுதல் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் அர்ச்சகர் கையால் பொங்கல் தின்ன வந்துகொண்டிருந்த இரண்டு பாறுகள் 1990களின் இறுதியோடு வருவதை நிறுத்தின. அதே ஆண்டுகளில் நாடெங்கும் பிணந்தின்னிப் பாறுகள் செத்து விழுந்தன. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். தின்ன ஆளில்லாத மாட்டுப் பிணங்களைத் தெருநாய்கள் தின்று பெருகின. சங்கிலிக்கும் வலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும் பிள்ளைக்கு நூல்கண்டைவிட இந்தக் கதையே நன்றாகப் பதில் சொல்லும்.

பிள்ளைகள் இன்றும் கண்ணால் பார்க்கக்கூடியவை இருக்கத்தான் செய்கின்றன, பாடநூல் சங்கிலியில்தான் இல்லை. சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றி விட்டில் மொய்க்கும். சட்டத்துக்குப் பின்னாலிருந்து பல்லி தலையை நீட்டும், வாலை லேசாக ஆட்டும், ஒரு பாய்ச்சல். விட்டிலின் இறக்கை வாய்க்கு வெளியே துடிக்கும். கீழே பூனை பல்லிக்காகக் காத்திருக்கும். வீட்டுப்பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? சத்துணவுத் தட்டில் முட்டை இருக்கிறது. கோழி தின்ற மக்காச்சோளத்திலிருந்து தொடங்கினால் அம்புக்குறி பிள்ளையின் வயிற்றில் வந்து முடியும். பாடநூல் சங்கிலியில் மனிதனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, இதில் தேட வேண்டாம்.

தறியில் ஓடும் பட்டிலும் பாடம் இருக்கிறது. மல்பெரி இலையைப் புழு தின்கிறது. புழுவின் மேல் ஊசி ஈ முட்டையிடுகிறது, அந்த ஈயின் புழுக்கள் பட்டுப்புழுவையே தின்கின்றன. நூலெடுத்த பிறகு கூட்டுக்குள் மிஞ்சும் கூட்டுப்புழு மீன் தீவனமாகவும் கோழித் தீவனமாகவும் போகிறது. இதெல்லாம் பெரும்பாலும் கர்நாடகத்தில் நடந்துமுடிந்து, காஞ்சிக்கு வருவது வெறும் நூல். பட்டு நெய்யும் வீட்டுப் பிள்ளை பட்டுப்புழுவைப் படத்தில்தான் பார்த்திருக்கும்.

பரீட்சையில் மட்டும் பெரிய மாற்றம் தெரியவில்லை. புல், வெட்டுக்கிளி, கோடிட்ட இடம், பாம்பு, கழுகு. தவளையையே பார்க்காத ஒரு பிள்ளை, பள்ளி வேலியில் தினமும் பார்க்கும் ஓணானைக் கோட்டின் மேல் எழுதினால் விடைக்குறிப்பில் அது இருக்காது. ஓணான் வெட்டுக்கிளியைத் தின்னும், பாம்பு ஓணானைத் தின்னும். முழு மதிப்பெண் போடுங்கள் டீச்சர்.