கழலா மரையாணி

பழுவேட்டரையர் ஆண்ட கீழப்பழுவூரில் இன்று சுண்ணாம்புக்கல் லாரிகளே மலிந்துள. அவற்றின் எஞ்சினில் அறுபட்டைத் தலைப் போல்ட்டேயன்றி, 1967-இல் அமெரிக்கக் காம்கார் நிறுவனத்தார் இயற்றிய ஆறிதழ்க் குழித்தலைப் போல்ட்டும் காணலாம். குழிநடுவே சிறுமுளை நிற்பின் துளையுடைய கருவியே அதற்குப் பொருந்தும். ஆதலின் முதற்கண் தலையிலுள்ள அழுக்கைத் துடைத்து நோக்குக.

துரு, தான் தோன்றிய இரும்பினும் மிகுதியாக இடங்கொள்வது. அதனால் மரை இறுகும். ஊடுருவும் எண்ணெயிட்டு ஓரிரவு விடுக. பின் சுத்தியலால் மெல்லத் தட்டுக. அதற்கும் இளகாதாயின் எண்ணெயை முற்றத் துடைத்து, போல்ட்டையன்று, அதனைச் சூழ்ந்த உலோகத்தைச் சுடுக. அலுமினியமாயின் எஃகினும் ஏறக்குறைய இருமடங்கு விரிந்து பிடி தளர்த்தும்.

வலிந்து முறுக்கித் தலையை முறித்த ஒருவரைப் பட்டறையொன்றிற் கண்டேன். எஞ்சிய தண்டை இடஞ்சுழல் துளையூசியால் துளைத்தெடுக்க ஒரு பகல் கழிந்தது; ஓட்டுநருக்கோ அன்றைக் கூலி போயிற்று.