விதையைக் கெடுத்தது யார்?

தோட்டத்து வழக்கு என்றால் சம்பளம், வீடு, வேலை நீக்கம் என்றுதான் நம்மிடம் வரும். சென்ற மாதம் வந்ததோ தக்காளி வழக்கு!

ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறியபோது இடம் பெயர்ந்த குடும்பம் அது. மாமியார் கொடுத்த விதை டின்னை அந்த அம்மா கையோடு கொண்டு வந்தார். தட்டையாய், மடிப்பு மடிப்பாய்க் காய்க்கும் புளிப்புத் தக்காளி. "மீன் கொழம்புக்கு இதுக்கு ஈடே இல்ல தம்பி" என்பார்.

இந்த முறை முளைத்த 12 செடிகளில் மூன்று, மடிப்பே இல்லாத உருண்டைப் பழம் காய்த்துவிட்டன. "பக்கத்து வீட்டுக்காரி நாத்த மாத்தி வச்சிட்டா!" என்று அம்மா குற்றம் சாட்ட, "நான் எதுக்குண்ணே மாத்தணும்?" என்று அந்தப் பெண் அழ, இரண்டு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

இருவரையும் வேலியருகே அழைத்து ஒரு பூவைக் காட்டினோம். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. மகரந்தப் பைகள் மஞ்சள் குழல்போல் சூல்முடியை மூடி நிற்பதால், பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். ஆனால் சில பழைய ரகங்களில் சூல்முடி குழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடும் வெயிலிலும் அப்படி நீளும். அம்மாவின் பூவிலும் அப்படியே இருந்தது. கருவண்டு பூவைப் பிடித்து உடம்பை அதிர்த்து மகரந்தத்தை உதிர்க்கும். அதே உடம்போடு அடுத்த செடிக்குப் போகும்.

போன பருவத்தில் அந்தப் பெண் வேலியோரம் நட்டது கடையில் வாங்கிய உருண்டைத் தக்காளி. வண்டுக்கு வேலி ஏது? அம்மா விதை எடுத்த பழம் வழக்கம்போல் மடிப்போடுதான் இருந்திருக்கும். கலப்பு பழத்தில் தெரியாது. அதன் விதையில் வரும் செடியில்தான் தெரியும். யாரும் நாற்றை மாற்றவில்லை!

இனிக் கலக்காமல் காப்பது எப்படி? சூல்முடி உள்ளடங்கிய ரகமென்றால் பத்து அடி இடைவெளி பெரும்பாலும் போதும். வெளியே நீண்டிருந்தால் பல மடங்கு வேண்டும். லயத்து வாசலில் அவ்வளவு இடம் ஏது? ஆகவே பையே வழி.

கிழிந்த கொசு வலையில் சிறு பை தையுங்கள். மொட்டு விரியுமுன் கொத்தை மூடி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். அதில் முன்பே விரிந்த பூ இருந்தால் கிள்ளிவிடுங்கள். காலையில் காம்பை இலேசாகத் தட்டுங்கள். காய் பட்டாணி அளவு வந்ததும் பையை எடுத்து, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டுங்கள். அந்தப் பழத்தில் மட்டும் விதை எடுங்கள். நன்கு பழுத்தபின் சதையோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்க வைத்து, அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். டின்னில் ரகமும் ஆண்டும் எழுதி வையுங்கள்.

மாறிப்போன செடியின் பழத்தைக் குழம்புக்கு எடுங்கள், விதைக்கு வேண்டாம். மிளகாயும் கத்தரியும் தக்காளியைவிட எளிதில் கலக்கும்; அவற்றுக்கும் பை கட்டுவது நல்லது. கடைப் பாக்கெட் கலப்பின விதையென்றால், பை கட்டினாலும் அடுத்த தலைமுறை அதேபோல் வராது.

விதை நம் கையில் இருப்பது சிறிய விஷயமன்று. சிறு விவசாயிகள் தம் நிலத்தில் எடுத்த விதையை மீண்டும் நடவும், அளவோடு தமக்குள் மாற்றிக்கொள்ளவும் 2004-ஆம் ஆண்டின் புதிய தாவர வகைப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் இடம் கொடுத்தும் நாமே விதையைத் தொலைத்தால் யாரை நோவது?

மாறாத ஒன்பது செடிகளில் அன்றே பை கட்டினோம். வலை அந்தப் பெண் கொடுத்தது. "பழுத்ததும் பாதி வெத ஒனக்குத்தான்" என்றார் அம்மா. அதுவும் சரியே. ஒரு வீட்டில் கெட்டாலும் மறு வீட்டில் பிழைக்கும்!