சுழலும் வீரனும் சுழற்காற்றும்

ஒருவன் நின்ற இடத்திலேயே பம்பரம்போல் சுழல்கிறான். அவனைச் சுற்றிக் காற்றும் சுழன்று எழுகிறது. எதிரிகள் சருகுகளாய்ப் பறக்கிறார்கள். அடுத்த கணம் அவனும் வானில் கிளம்பிவிடுகிறான்! இந்தக் கற்பனை வீரனின் பெயர் சை-க்ளோன்.

அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1982-இல் 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்' என்னும் பொம்மை வரிசையை வெளியிட்டது. அதன் தலைவன் ஹீ-மேன். 1983-இல் இவ்வரிசையையொட்டி ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடரும் தொடங்கியது. ஹீ-மேனின் தோழனான சை-க்ளோன் 1985-இல் பொம்மையாக வந்தான். 2002-இல் தொடங்கிய புதிய தொடரிலும் அவனுக்கு இடம் கிடைத்தது.

அவன் பெயரில் ஒளிந்திருக்கும் 'சைக்ளோன்' என்ற சொல், கல்கத்தாவில் பிறந்தது. அங்கு வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதை உருவாக்கினார். கடலோடிகளுக்காக 1848-இல் எழுதிய நூலில் இதைக் கையாண்டார். அவர் பெயரிட்டது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த கடற்புயலுக்கு. நம் வீரன் எழுப்புவதோ 'டொர்னேடோ' எனப்படும், தூண்போன்ற ஒடுங்கிய சுழற்காற்று.

இவன் செய்வது இயற்பியல் விதிகளுக்கு உட்பட்டதுதானா? பார்ப்போம்.

பொம்மையின் கைகள் உயர்வது ஏன்?

பொம்மையின் இடுப்புக்குப் பின்னால் ஒரு சிறு சக்கரம் உண்டு. அதை விரலால் சுழற்றினால் மேலுடல் சுழலும்; தொங்கும் கைகள் தாமே பக்கவாட்டில் உயரும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. இயங்கும் பொருள் நேர்கோட்டிலேயே செல்ல முயலும். அதை வட்டத்தில் திருப்ப, மையத்தை நோக்கி ஓர் இழுவிசை வேண்டும். கை சாய்ந்து நின்றால்தான் தோள் அதை உட்புறமாக இழுக்க முடியும். வேகம் கூடக்கூடச் சாய்வும் கூடும். அச்சிலிருந்து 4 செ.மீ. தொலைவிலுள்ள கை நொடிக்கு 3 முறை சுற்றுவதாகக் கொள்வோம். அதற்கு வேண்டிய முடுக்கம் சுமார் 14 மீ/நொடி². இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு! கைகள் உயராமல் என்ன செய்யும்? 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பொருத்திய சுழல் குண்டுகளும் இதே முறையில்தான் உயர்ந்தன.

மனிதன் சுழன்றால்?

இனி, உயிருள்ள வீரனுக்கு வருவோம். அவன் கையின் நீளம் 70 செ.மீ.; சுழற்சி நொடிக்கு 10 முறை. விரல் நுனியின் வேகம் 2 × 3.14 × 0.7 × 10 = 44 மீ/நொடி, அதாவது மணிக்கு 158 கி.மீ. காற்றும் இதே வேகத்தை அடையும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். டொர்னேடோவின் வலிமையைக் குறிக்கும் ஃபுஜிட்டா அளவை 1971-இல் தோன்றி, 2007-இல் திருத்தப்பட்டது. அதில் 0 முதல் 5 வரை ஆறு படிகள். நம் வீரன் 1-ஆம் படியைத்தான் எட்டுகிறான்.

இதற்கே அவன் தோள் படும் பாடு என்ன? கையின் நிறை 4 கிலோ. நிறை மையம் தோளுக்கும் விரலுக்கும் நடுவில் என்க. தேவையான மைய நோக்கு விசை சுமார் 5,500 நியூட்டன். ஒவ்வொரு தோளிலும் 560 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டாற்போல! 5-ஆம் படிக்கு மணிக்கு 322 கி.மீ.க்கு மேல் வேகம் வேண்டும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். கை கழன்றுவிடும்.

சுழற்சியைக் கொடுத்தது யார்?

தோள் இரும்பாலானது என்றே கொள்வோம். அப்போதும் ஒரு தடை உண்டு. சுழலும் பொருளின் நிறை, வேகம், அச்சிலிருந்து அதன் தொலைவு ஆகிய மூன்றும் சேர்ந்த அளவே கோண உந்தம். வெளியிலிருந்து முறுக்கு விசை செயல்படாதவரை இது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

பொம்மைக்குச் சுழற்சியைக் கொடுப்பது குழந்தையின் விரல். தரையில் நிற்கும் வீரன் பாதத்தால் தரையை உதைத்து அதைப் பெறலாம். ஆனால், காற்றுக்குத் தன் சுழற்சியைக் கொடுக்கக் கொடுக்க அவன் வேகம் குறையும். கொடுத்தால் குறையத்தானே வேண்டும்? வானில் எழுந்தபின் உதைக்கத் தரையும் இல்லை. அங்கே புதிதாக அவன் வலப்புறம் சுழல வேண்டுமானால் காற்றை இடப்புறம் தள்ளியாக வேண்டும். ஹெலிகாப்டரின் வாலில் சிறு விசிறி இருப்பது இதனால்தான். அது இல்லாவிட்டால், மேலே இறக்கைகள் ஒருபுறம் சுழல, உடற்பகுதி மறுபுறம் சுழன்றுவிடும். மேலும், ஹெலிகாப்டரை உயர்த்துவது அதன் இறக்கைகளின் சாய்வு. வெறும் சுழற்சி எவரையும் உயர்த்தாது.

இயற்கையின் வழி

இயற்கை இதைத் தலைகீழாகச் செய்கிறது. தரையருகே காற்று மெதுவாகவும் உயரே விரைவாகவும் வீசும்போது, இடையிலுள்ள காற்று படுக்கைவாட்டில் உருளை போல் புரள்கிறது. இடிமேகத்தினுள் விரைந்தேறும் வெப்பக் காற்று அந்த உருளையை நிமிர்த்துகிறது. அக்காற்றை மேலே செலுத்துவது உள்ளுறை வெப்பம்: ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெளிப்படும்.

நிமிர்ந்த சுழல், மேலேறும் காற்றால் இழுக்கப்பட்டு ஒடுங்குகிறது. கோண உந்தம் மாறாததால், ஆரம் குறையும்போது வேகம் கூடவேண்டும். 1,000 மீட்டர் ஆரத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேகமுள்ள காற்று 100 மீட்டருக்கு ஒடுங்கினால், கணக்குப்படி நொடிக்கு 100 மீட்டர்! உராய்வு இதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆயினும், 1999 மே 3 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு டொர்னேடோவினுள் மணிக்கு 480 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தை ரேடார் அளந்தது.

ஆக, வீரன் சுழன்று காற்றை உண்டாக்குகிறான். இயற்கையிலோ வீசும் காற்றே சுழற்சியாக மாறுகிறது. அவனிடம் இல்லாத வெப்ப ஆற்றலும் அதற்கு உண்டு.

மாணவர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். சுழல் நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளிலும் கனத்த புத்தகங்களை நீட்டிப் பிடியுங்கள். நண்பரை மெதுவாகச் சுழற்றச் சொல்லிவிட்டுப் புத்தகங்களை மார்போடு அணையுங்கள். வேகம் சட்டெனக் கூடும். பிறகு நாற்காலியை நிறுத்தி, தரையில் கால் படாமல் நீங்களே தொடர்ந்து ஒரே திசையில் சுற்ற முயலுங்கள். சை-க்ளோனின் சிக்கல் அப்போது விளங்கும்.