பருப்பு வேகாத தண்ணீரிலும் வண்ண மீன் வளரும்

வண்ண மீன் வளர்த்து நாலு காசு பார்க்கலாம் என்று முனைகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது மீன் கடையில்தான். அங்கே கண்ணாடித் தொட்டியில் எது பளபளப்பாக நீந்துகிறதோ, எதற்கு விலை கூடுதலோ, அதையே வாங்கி வந்துவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் தொட்டி காலியாகிவிடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது மீனை அல்ல, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை.

துவரம்பருப்பு வேக நேரமாகிறதா? சோப்பு நுரைக்க மறுக்கிறதா? தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதா? அப்படியானால் அது கடினத் தண்ணீர். நமது ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றிலும் இதுதான் நிலை. இந்தத் தண்ணீரில் ஏஞ்சல் மீனை வாங்கி விட்டு, அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்று காத்திருப்பது வீண். அதன் முட்டை தேற மென்மையான தண்ணீர் வேண்டும். ஆனால் இதே தண்ணீர் மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் ஆகிய நான்குக்கும் நன்கு ஒத்துக்கொள்ளும். இலேசாக உப்புக் கரித்தால்கூட மோலிக்குக் குறையில்லை. கடலோர உப்பங்கழிகளிலும் வாழக்கூடிய இனம் அது. மென்மையான தண்ணீரில் விட்டால்தான் கறுப்பு மோலி நின்ற இடத்திலேயே உடலை ஆட்டிக்கொண்டு நலியத் தொடங்கும். அப்போது 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து விடலாம்.

இந்த நான்கிற்கும் உள்ள பெரிய வசதி, இவை முட்டையிடுவதில்லை, குட்டி போடுகின்றன. முட்டையைப் பூஞ்சணம் பிடிக்கும் என்ற கவலையில்லை. பிறந்த குட்டி அன்றே நீந்தி இரை தேடும். முதன்முதலாக இறங்குகிறவர்கள் இவற்றோடு தொடங்குவதே நலம். தங்க மீன் பருவத்துக்கு வரச் சுமார் ஓராண்டு ஆகும். சண்டை மீனில் ஆண் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாட்டிலில் வைத்துப் பராமரிக்க வேண்டும். அவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

நான்கிலும் எளியது கப்பி. டிரினிடாட் தீவிலிருந்து 1866-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு இதை அனுப்பி வைத்த கப்பி என்பவரின் பெயரே மீனுக்கு நிலைத்துவிட்டது. கொசுப்புழுவைத் தின்பதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுக்கும் கொண்டுவரப்பட்டது. ஆண் சிறியது, வண்ணமானது. பெண் பெரியது, நிறம் மங்கியது. இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய நான்கு வாரம். ஓர் ஈற்றில் 20 முதல் 50 குட்டிகள் கிடைக்கும். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், ஆணே இல்லாமல் அடுத்தடுத்துப் பல ஈற்றுகள் ஈனும். அதனால் கடையில் வாங்கிய பெண் மீன் முதலில் போடும் குட்டிகள் யாருடைய வாரிசு என்று சொல்ல முடியாது!

பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள சிமெண்ட் தொட்டி ஒன்று இனப்பெருக்கத்துக்கு, இன்னொன்று குட்டிகளுக்கு. புதுத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு கொன்றுவிடும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, பலமுறை மாற்றிக் கழுவ வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஒருநாள் திறந்து வைத்த பிறகே மீனுக்குப் பயன்படுத்த வேண்டும். மேலே தென்னங்கீற்று நிழலும் வலையும் அவசியம். மீன்கொத்தியும் தண்ணீர்ப் பாம்பும் மட்டுமல்ல, தட்டான் முட்டையிட்டுச் சென்றால் அதன் புழுவும் குட்டிகளைத் தீர்த்துவிடும்.

ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் விடலாம். குட்டிகளுக்கு முதல் எதிரி பெற்ற தாய்தான். வேலம்பாசியை அடர்த்தியாகப் போட்டு வைத்தால் குட்டிகள் அதனுள் ஒளிந்துகொள்ளும். வயிறு புடைத்து, ஆசனவாய்க்கு அருகிலுள்ள கறும்புள்ளி பெரிதான பெண்களைக் கண்ணி சற்றுப் பெரிதாக உள்ள வலைக்கூண்டில் வைப்பது இன்னும் மேல். குட்டிகள் கண்ணி வழியே வெளியேறித் தப்பிவிடும்.

முதல் வாரம், வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வைத்துப் பிழிந்து சிறிதளவு தரலாம். மிஞ்சினால் தண்ணீர் கெடும். சாணமும் கடலைப் பிண்ணாக்கும் ஊறவைத்த தனித் தொட்டியில் மொய்னா என்னும் நீர்த்தெள்ளை வளர்த்துக் கொடுத்தால் வளர்ச்சியும் நிறமும் கூடும். பெரிய மீன்களுக்குத் தவிடு, பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் கலவை போதும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். குட்டிகள் பெருகுகிறதே என்று எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். மூன்று நான்கு தலைமுறையில் வால் சுருங்கி, நிறம் வெளுத்து, சரக்கு விலைபோகாமல் நின்றுவிடும். ஒரு மாதத்துக் குட்டிகளிலேயே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். பொலிகாளை தேர்ந்தெடுப்பதுபோல நிறத்திலும் வாலிலும் சிறந்த ஆண்களை மட்டும் நிறுத்தி, அவ்வப்போது வேறிடத்து ஆணைக் கொண்டுவர வேண்டும். பிளாட்டியையும் வாள்வாலையும் ஒன்றாக விட்டால் கலப்பினமாகி, இரண்டிலும் சேராத மீன்தான் மிஞ்சும்.

சென்னை கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற இடம். வளர்க்கத் தொடங்கும் முன்பே அங்கோ, பக்கத்து ஊர்க் கடையிலோ, எந்த நிறம், எந்த அளவு கேட்கிறார்கள் என்று விசாரிப்பது நல்லது. ஒரே அளவு, ஒரே நிறமாகப் பிரித்த சரக்குக்குத்தான் மதிப்பு. அனுப்புவதற்கு முதல்நாள் இரை போடாமல் நிறுத்தி, பாலிதீன் பையில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனும் நிரப்பி, வெயிலுக்கு முன் அனுப்ப வேண்டும்.

விலைபோகாத மீனைப் பாவம் பார்த்து ஏரியிலோ குளத்திலோ விடக் கூடாது. அப்படி வெளியேறிய தொட்டி மீனான சக்கர், இன்று பல ஏரிகளில் வலையைக் கிழித்து மீனவர்களைப் படாத பாடு படுத்துகிறது. தொட்டி கழுவிய தண்ணீரை, குட்டி தப்பாமல் துணியில் வடிகட்டி, வாழைக்கும் கீரைப்பாத்திக்கும் விடலாம். கல்லுப்புப் போட்ட தொட்டித் தண்ணீரை மட்டும் கீரைக்கு விடாமல் தென்னைக்குத் திருப்பிவிட வேண்டும்.