3 வயதில் படிப்பு: பிரான்ஸில் கட்டாயம்... புதுச்சேரியில்?

புதுச்சேரியில் ஒரு குட்டிப் பிள்ளையைச் சேர்க்க நாலு வாசல்கள் இருக்கின்றன. தெருவோர அங்கன்வாடி, அரசுத் தொடக்கப் பள்ளியின் எல்கேஜி, தனியார் ப்ளே ஸ்கூல், 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசேயின் மழலையர் பிரிவு. எந்த வாசல் என்பதைப் பெரும்பாலும் வீட்டு வருமானம்தான் முடிவு செய்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் என்றால், லிசே கட்டணத்துக்கு பிரான்ஸ் அரசின் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

பிரான்ஸில் 2019 முதல் 3 வயதிலேயே கல்வி கட்டாயம். அரசு மழலையர் பள்ளியில் கட்டணமும் கிடையாது. இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டமோ 6 முதல் 14 வயதுவரைதான் உரிமை தருகிறது. அதற்கு முந்தைய வயதுக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது. அந்த ‘லாம்’தான் சிக்கலே. 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 வயதையும் பள்ளிக் கட்டமைப்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு.

அப்போ அங்கன்வாடி எதுக்கு?

1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம் இது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மட்டும் சுமார் 850 மையங்கள். சத்துணவு, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு உதவி, வீடு வீடாகப் போவது, செயலியில் பதிவு, இதற்கு நடுவே கதையும் பாட்டும். இத்தனைக்கும் பொதுவாக ஒரு ஊழியர், ஒரு உதவியாளர். 2018-ல் மத்திய அரசு உயர்த்திய பிறகு ஊழியருக்கு அது நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் மேலே கொஞ்சம் சேர்க்கின்றன. அதற்குப் பெயர்கூட சம்பளம் இல்லை, மதிப்பூதியம்.

கூடுதலா செலவு செஞ்சா பலன் இருக்கா?

இருக்கு. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் ஒரு ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பாதி மையங்களுக்கு, கற்பிப்பதற்கென்றே பகுதிநேரமாக ஒரு ஆள் கூடுதலாகத் தரப்பட்டார். அங்கே முன்பருவக் கல்விக்கான நேரம் இரட்டிப்பானது. சுமார் 18 மாதங்களில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது, ஏனென்றால் பழைய ஊழியருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

உலக அளவிலும் பேச்சு இதுதான். 2022-ல் தாஷ்கண்டில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில், கல்விச் செலவில் குறைந்தது 10 சதவீதத்தை மழலையர் கல்விக்கு ஒதுக்குவது என்ற இலக்கு முன்வைக்கப்பட்டது.

நாம என்ன கேட்கணும்?

ஏசி, ஸ்மார்ட் போர்டு இருக்கட்டும். ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள்? பேசவும் விளையாடவும் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? அவருக்குப் பயிற்சி உண்டா? இந்த மூன்று கேள்விகளை ப்ளே ஸ்கூலில் மட்டும் கேட்டால் போதாது, உங்கள் தெரு அங்கன்வாடிக்காகவும் கேளுங்கள். ஃபீஸ் கட்ட முடிந்தவர்கள் எல்லாம் விலகிவிட்டால், ‘இங்கே இன்னொரு ஆள் வேணும்’ என்று கேட்கிற குரலும் குறைந்துபோகும்.