வீட்டுக்குள் ஒரு குளம் – 7: கழுவாத மணல்

மீன்தொட்டி வாங்கிய புதிதில், ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குத் தொட்டி கழுவும் நாள். மீன்களை வலையால் பிடித்து வாளியில் விடுவேன். சரளையை மொத்தமாக அள்ளி, அரிசி களைவதுபோல் குழாயடியில் நாலைந்து தண்ணீர் விட்டுக் களைவேன். செடிகளையும் பிடுங்கி அலசி மறுபடி நடுவேன். மாலையில் தண்ணீர் பளிங்காக இருக்கும். செவ்வாய்க்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மூன்றாவது வாரம் நான்கு மோலிகள் செத்து மிதந்தன. இன்னும் நன்றாகக் கழுவியிருக்க வேண்டும் என்றுதான் அன்று நினைத்தேன். அந்த நான்கு மோலிகளுக்காகத்தான் இந்த வாரத்தை எழுதுகிறேன்.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அமோனியாவாகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இதை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. மணலிலும் சரளையிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகி நிலைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். நானோ குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் வாராவாரம் அவற்றைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தேன். அழுக்கு என்று நான் நினைத்ததில் பாதி, மீனின் உயிரைப் பிடித்துவைத்திருந்த படலம்.

அப்படியானால் மணலில் சேரும் கழிவு அப்படியே கிடக்கலாமா? கூடாது. ஆழமான மணலில் கழிவு அடைந்து காற்றோட்டம் நின்றுபோனால் அங்கே ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். வேர்விட்டு வளரும் செடி இங்கேதான் கைகொடுக்கிறது. இலை தயாரிக்கும் ஆக்சிஜனில் ஒரு பங்கு தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக வேருக்கு இறங்கி, வேரைச் சுற்றியுள்ள மணலுக்குள் கசிகிறது. மேலே மீனுக்கு விஷமான அமோனியாவைச் செடி நேரடியாகவே உணவாக எடுத்துக்கொள்கிறது. நீர்ச்செடிகளில் பல நைட்ரேட்டைவிட இதைத்தான் முதலில் எடுக்கின்றன.

இதைத் தொட்டியில் வைத்துப் பார்த்த முன்னோடி, லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 1849-ல் 12 கேலன் பாத்திரம் ஒன்றில், அடியில் மணலும் சேறும் போட்டு, வாலிஸ்னேரியா நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். நாடா மாதிரி நீண்ட இலை கொண்ட இந்தச் செடி நம் ஊர்க் குளங்களிலும் உண்டு. மீன்கள் நலமாக இருந்தன. ஆனால் வாலிஸ்னேரியாவின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அவர் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கழுவவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அழுகியதை நத்தை தின்றது, நத்தையின் முட்டையை மீன் தின்றது, தண்ணீர் தெளிந்தது. 1850-ல் லண்டன் வேதியியல் சங்கத்தின் முன் இதை வாசித்தார். அவர் செய்ததில் என்னை மிகவும் ஈர்ப்பது அந்தப் பொறுமைதான். கலங்கியதும் கொட்டிவிடாமல், இங்கே யார் இல்லை என்று யோசித்திருக்கிறார்.

நம் தொட்டிக்கு வருவோம். மணலைப் போடும் முன் ஒரே ஒருமுறை, தெளிந்த நீர் வரும்வரை களையுங்கள். ஒரு பிடி மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். பின்பக்கம் மூன்று அங்குலம், முன்பக்கம் ஒன்றரை அங்குலம் என்று சரிவாகப் போட்டால் கழிவு முன்னால் வந்து சேரும், உறிஞ்சுவது சுலபம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை டியூப் வைத்து இறக்கும்போது, செடியில்லாத இடங்களில் மட்டும் மணலுக்குள் டியூபை விடுங்கள். செடிகளின் அடியில் மேலாகக் காட்டினால் போதும். வேரைக் கிளறக் கூடாது. ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மணலில் புதைக்காதீர்கள். கிழங்குபோல் தடித்த தண்டு அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். இலங்கை ஓடைகளிலிருந்து வந்த கிரிப்டோகோரைன் வெண்டியை நட்ட சில நாளில் இலையெல்லாம் கூழாகிக் கரையலாம். செத்துவிட்டதென்று பலர் பிடுங்கி எறிகிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கும். கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டு விட்டுவையுங்கள். வேர் உயிரோடு இருந்தால் சில வாரங்களில் புது இலை வரும். அதற்குப்பின் அதை இடம் மாற்றாதீர்கள்.

இப்போதிருக்கும் தொட்டியில் ஆறு வருடமாக மணலை வெளியே எடுக்கவில்லை. போன மாதம் வாலிஸ்னேரியா மண்டிவிட்டதால், மணலுக்கடியில் ஓடிய கொடி ஒன்றைப் பிடுங்கினேன். ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை வேர், அதைப் பற்றிக்கொண்டு மணல். முகர்ந்து பார்த்தேன். முட்டை நாற்றம் இல்லை. வயலில் பிடுங்கிய நாற்றின் வாசனை.

(தொடரும்)