"ஒரு பூனைக்காகவா இந்த அழுகை?" என்று கேட்பதற்கு முன்...

வளர்த்த பூனையோ, கிளியோ, முயலோ இறந்துபோன கவலையில் இருப்பவர்கள் நமது வீடுகளில் அதிகம் கேட்கும் வார்த்தை இதுதான். கேட்பவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருப்பதில்லை. மனிதர் மௌத்தானாலே பொறுமை செய்யச் சொல்லும் மார்க்கத்தில், ஒரு பிராணிக்காகக் கண்ணீர் விடுவது மிகையானது என்று அவர் நினைக்கிறார். ஆனால் அழுபவரோ வெட்கப்பட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழுகிறார்.

இந்த விடயத்தில் நபி (ஸல்) அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை நாம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அபூ உமைரின் குருவி

அனஸ் (ரழி) அவர்களுக்குத் தாய் வழியில் ஒரு சிறிய தம்பி இருந்தார். பால்குடி மறந்த வயது. அவர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடுவார். ஒருநாள் நபியவர்கள் அந்த வீட்டுக்குச் சென்றபோது பிள்ளை கவலையோடு இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். குருவி இறந்துவிட்டது என்று வீட்டார் சொன்னார்கள். உடனே நபியவர்கள் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி, அபூ உமைர் என்று அழைத்து, அந்தக் குருவிக்கு என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் இந்த ஹதீஸ் இடம்பெற்றுள்ளது. பிள்ளை கவலையாக இருந்த விபரம் அபூதாவூதின் அறிவிப்பில் வருகிறது.

இதில் ஆறுதல் சொல்லும் முறை முழுவதுமாக அடங்கியிருக்கிறது. முதலாவது, முகத்தில் தெரிந்த கவலையை நபியவர்கள் கவனித்தார்கள். இரண்டாவது, சின்னப் பிள்ளையைப் பெரியவர்களை அழைப்பது போல 'உமைரின் தந்தையே' என்ற புனைப்பெயரால் மதிப்போடு அழைத்தார்கள். மூன்றாவது, குருவி இறந்ததைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அது தகவல் அறியக் கேட்ட கேள்வியல்ல. அந்தப் பிள்ளை வாய் திறந்து பேசட்டும் என்பதற்காகக் கேட்டது. மதீனாவின் தலைவர், படைகளையும் தூதுக்குழுக்களையும் கவனிக்க வேண்டியவர், ஒரு குருவிக்காக நேரம் ஒதுக்கினார்கள்.

நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் ஆரம்பகால அறிஞர்களில் ஒருவரான இப்னுல் காஸ் அவர்கள், இந்த ஒரு ஹதீஸிலிருந்து மட்டும் அறுபது பயன்களை எடுத்துக்காட்டித் தனியாக ஒரு நூலே எழுதினார்கள்.

கவலை தவறல்ல

தமது மகன் இப்ராஹீம் மௌத்தானபோது நபியவர்களே கண்ணீர் விட்டார்கள். தடுக்கப்பட்டது ஒப்பாரி வைப்பதும், கன்னத்தில் அறைந்துகொள்வதும், அல்லாஹ்வின் விதியை ஏசுவதும்தான். கண்ணீரும் மனக்கவலையும் அல்ல. ஒரு முஸ்லிமுக்கு ஏற்படும் எந்தக் கவலையும், காலில் தைக்கும் முள் கூட, அவரது பாவங்களுக்குப் பரிகாரமாகிறது என்று ஹதீஸ் சொல்லும்போது, பத்து வருடம் காலடியில் சுற்றித் திரிந்த ஒரு ஜீவனை இழந்த கவலைக்கு மட்டும் கணக்கில்லாமல் போகுமா?

பூனை நம்மைச் சுற்றி வருகின்ற பிராணி, அது அசுத்தமானதல்ல என்றும் நபியவர்கள் சொன்னார்கள். அது வீட்டோடு ஒட்டி வாழும் உயிர் என்பது மார்க்கம் ஏற்றுக்கொண்ட விடயம்.

என்ன சொல்லலாம், எதைத் தவிர்க்கலாம்?

"வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். உடைந்த கோப்பைக்குச் சொல்லும் வார்த்தை அது. "மனிதர்களே செத்துக்கொண்டிருக்கும்போது..." என்று ஒப்பிடவும் வேண்டாம். ஒரு கவலையைக் காட்டி இன்னொரு கவலையை அடக்க முடியாது.

அதன் பெயரைச் சொல்லி, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பிறகு கேட்டுக்கொண்டிருங்கள். பலரை உள்ளுக்குள் வாட்டுவது குற்ற உணர்வுதான். "கேற்றைப் பூட்டியிருந்தால் வாகனத்தில் அடிபட்டிருக்காதே", "ஒருநாள் முந்தி மிருக வைத்தியரிடம் கொண்டு போயிருந்தால்..." என்று சொல்லிச் சொல்லி மருகுவார்கள். அப்படிச் செய்திருந்தால், இப்படிச் செய்திருந்தால் என்ற பேச்சு ஷைத்தானுக்கு வழி திறக்கும் என்ற நபிமொழியை மென்மையாக ஞாபகப்படுத்தலாம். அந்தப் பிராணிக்கு அவர் போட்ட சாப்பாடும் வைத்த தண்ணீரும் வீணாகாது என்றும் சொல்லுங்கள். ஈரல் ஈரமாக உள்ள ஒவ்வொரு உயிருக்கும் செய்யும் உபகாரத்துக்குக் கூலி உண்டு.

அடக்கம் செய்யவும் உதவலாம். கபனும் தொழுகையும் இல்லை. ஆனால் பையில் கட்டிக் குப்பையோடு வீசுவதை விட, ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பது சுத்தத்துக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

பிள்ளைகள் "அது சுவர்க்கம் போகுமா?" என்று கேட்பார்கள். தெரியாததை உறுதியாகச் சொல்லத் தேவையில்லை. மிருகங்களும் பறவைகளும் நம்மைப் போன்ற சமூகங்களே, அவை தமது றப்பிடமே ஒன்று சேர்க்கப்படும் என்று ஸூறதுல் அன்ஆம் கூறுகிறது. "அதைப் படைத்தவன் நம்மை விட அதன்மீது இரக்கமானவன்" என்பது பிள்ளைக்குப் போதுமான, உண்மையான பதில்.

மறந்துவிடும் இருவர்

ஒருவர், பிள்ளைகள் எல்லாம் கட்டாரிலும் சவூதியிலும் இருக்க, தனியாக வாழும் வயதான உம்மா. காலையில் அவர் பேச்சுக் கொடுக்கும் ஒரே உயிர் அந்தப் பூனையாக இருந்திருக்கலாம். தூரத்திலிருந்து சிரித்துவிட்டு விடாமல், அந்த வாரம் இரண்டு முறை கூடுதலாகக் கோல் எடுங்கள்.

மற்றவர், நம்மோடு வேலை செய்யும் சிங்கள, தமிழ் நண்பர். அவரது நாய் இறந்திருக்கும். நாய் வளர்ப்பது பற்றிய நமது சட்டம் வேறு, அவரது கவலை வேறு. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதைப் படித்த சமூகம் நாம். "நாய்தானே" என்ற ஒரு சொல், அந்த நண்பரிடம் நமது மார்க்கத்தையே கல்நெஞ்சமாகக் காட்டிவிடும். "கேள்விப்பட்டேன், எனக்கும் கவலை" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

குருவிக்காகக் கவலைப்பட்ட பிள்ளையைப் பார்த்து நபியவர்கள் சிரித்துவிட்டுப் போகவில்லை. நாமும் அப்படிப் போகாதிருக்க அல்லாஹ் நமது உள்ளங்களை இரக்கமானதாக ஆக்குவானாக.